பட்டை கட்டாமல் எழுதிய நம்பர்

என் கடையில் வாங்கிய முதல் பிரஷர் மிஷினை அந்த அக்கா மூன்றாம் நாளே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் போகும் சாலையில் ஒரு சின்ன பஜார். அங்கே எனக்கு மருந்துக்கடை. அவர் மேலே தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். சாரல் பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்வெட்டருக்கு மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தியபடி வந்து டப்பாவைக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்தார்.

"தம்பி, இது பிரஷர் பாக்குதா, இல்ல கிளி மாதிரி சீட்டு எடுக்குதா?"

மணிக்கட்டில் கட்டுகிற சின்ன மிஷின் அது. ஐந்து தடவை பார்த்தாராம். ஐந்து தடவையும் வேறு வேறு நம்பர். அதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"பிரஷர்னா ஏறி இறங்கத்தானுங்க்கா செய்யும்" என்றேன். எல்லாரிடமும் சொல்கிற பதில். எல்லாரும் அதோடு போய்விடுவார்கள். அவர் போகவில்லை. அங்கேயே தன் கையில் கட்டிக் காட்டினார். கையைத் தொங்கவிட்டு ஒரு முறை, தூக்கி வைத்து ஒரு முறை. இரண்டுக்கும் இருபதுக்கு மேல் வித்தியாசம்.

"நெஞ்சு உயரத்துல வெச்சுப் பாக்கோணுங்க."

"அதை விக்கிறப்ப ஏன் சொல்லலை?"

ஏன் சொல்லவில்லை என்றால், டப்பாவுக்குள் இருக்கும் காகிதத்தை நானே படித்ததில்லை. நெடுநாளாக அலமாரியில் கிடந்த சரக்கு, போனால் போதும் என்று எடுத்துக் கொடுத்தேன். முகம் சுட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கையால் தள்ளிவிட்டார்.

"பணத்தை வெச்சிருங்க. நல்ல மிஷின் எதுன்னு படிச்சுச் சொல்லுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வாரேன்."

நாற்பது வயதில் எனக்கு வீட்டுப்பாடம் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அவரை எனக்கு அதற்கு முன்பே தெரியும். பஜாரில் எல்லாருக்குமே தெரியும். 'இன்னொருக்கா அக்கா' என்று பின்னால் சொல்வார்கள். எதைக் கொடுத்தாலும், எதைச் சொன்னாலும் "இன்னொருக்கா பாருங்க" என்பார். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியை என்னை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரு நாள் எனக்கே பொறுமை போய், "எல்லாஞ் சரியாத்தானுங்க்கா இருக்குது" என்று குரலை உயர்த்தினேன்.

"சரியா இருந்தா நல்லதுதானே தம்பி. அதுக்கு எதுக்குக் கோவம்?" என்றார்.

அட்டையைத் திருப்பித் தேதியை வாய்விட்டுப் படித்தேன்.

அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் எதிர்பார்த்த மார்க் வாங்காதபோது மறுகூட்டலுக்கு எழுதிப் போட்டார். வீண் வேலை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், மகளே சொன்னாள். இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு அலைந்தார். முடிவு வந்தது. ஒரு மார்க்கூட மாறவில்லை. பஜாரே சிரித்தது. அவருக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. "முன்னாடி அது அவங்க எழுதின மார்க்கு. இப்பத்தான் என் புள்ள மார்க்கு" என்றார். அந்த மகள் பிறகு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். சில வருஷங்களுக்கு முன் அம்மாவையும் அப்பாவையும் அங்கேயே அழைத்துக்கொண்டாள். அவர் மலையிறங்கிப் போன பிறகுதான் இதையெல்லாம் உட்கார்ந்து நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். ஐந்து வயதில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். கரையில் இறங்கிய இடத்தில் பெயர், வயது எழுதிக்கொண்ட ஆள் அவருக்கு இரண்டு வயது கூட்டி எழுதிவிட்டான்.

"எழுதினவன் ஒருக்காதான் கேட்டான். எங்கப்பா தலையாட்டிட்டாரு. அந்த ரெண்டு வருஷம் எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. ரிட்டயர்மென்டும் ரெண்டு வருஷம் முந்தி வந்துரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லும்போது புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

அவருக்கு எதற்குப் பிரஷர் மிஷின் தேவைப்பட்டது என்பதை அப்போது நான் கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. அவருடைய கணவர் எஸ்டேட் ஃபேக்டரியில் இலை உருட்டுகிற மிஷினில் வேலை பார்த்தவர். ஒரு காலை, வேலையில் நின்றபடியே அவருக்கு வாய் கோணிக்கொண்டது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தங்கியது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அங்கே டாக்டர் கேட்டாராம்: "எத்தனை வருஷமாப் பிரஷர் இருக்கு?"

இல்லவே இல்லை என்று அக்கா சொல்லியிருக்கிறார். எஸ்டேட் டிஸ்பென்சரியில் மாதாமாதம் இரண்டாம் புதன்கிழமை எல்லாருக்கும் பிரஷர் பார்ப்பார்கள். கணவருக்கு எப்போதும் நூற்றிருபதுக்கு எண்பது. டாக்டர் அக்காவின் முகத்தையே பார்த்தாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி வந்தார். நானும் படித்து வைத்திருந்தேன். மணிக்கட்டு மிஷினைவிட மேல்கையில் பட்டை கட்டுகிறது நம்பகமானது. முறையாகச் சோதித்துப் பார்த்த மாடல்தானா என்று விசாரித்து வாங்க வேண்டும். பட்டை கைக்கு அளவாக இருக்க வேண்டும். மூன்று டப்பாக்களைப் பிரித்து வைத்தேன். ஒவ்வொன்றிலும் பட்டையின் ஓரத்தில் எத்தனை சென்டிமீட்டர் கைக்குப் பொருந்தும் என்று அச்சடித்திருந்தது. அவர் அதைப் படித்துவிட்டுப் பக்கத்துத் தையல்கடையில் டேப் வாங்கிவந்தார். முப்பது வருஷம் கூடை சுமந்த அவருடைய மேல்கை முப்பத்தைந்து. படுக்கையில் இளைத்துப்போன கணவருடைய கை இருபத்திநாலு என்று வீட்டிலேயே நூல் கட்டி அளந்து, அந்த நூலையும் கொண்டுவந்திருந்தார்.

"ஒரே பட்டை ரெண்டு பேருக்கும் எப்படித் தம்பி பத்தும்?"

பத்தாது. தடித்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் நம்பர் கூடுதலாகக் காட்டும், மெலிந்த கைக்குப் பெரியது கட்டினால் குறைத்துக் காட்டும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கிற மாடலையே தேர்ந்தெடுத்தார். அதன் சாதாரணப் பட்டை கணவருடைய கைக்குச் சரியாக இருந்தது. பெரிய பட்டையைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னேன்.

"சரி, வேலை செய்யுதான்னு பாப்போம். நீங்க உக்காருங்க."

என் கை நடுத்தரம். உட்கார்ந்தேன். ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார். இந்தக் குளிரில் யாரும் கழற்ற மாட்டார்கள், மேலேயே கட்டிவிடுவார்கள். அவர் விடவில்லை. மிஷின் உறுமி நின்றது. நூற்று அறுபத்துநாலு, நூற்று இரண்டு.

நான் சிரித்தேன். "இப்பத்தானுங்க டீ குடிச்சேன்."

அரை மணி நேரம் அங்கேயே காத்திருந்தார். பிறகு என்னைச் சாய்ந்து உட்காரவைத்து, காலைக் கீழே ஊன்றச் சொல்லி, ஐந்து நிமிஷம் பேசவிடாமல் வைத்து மறுபடி பார்த்தார். நூற்று ஐம்பத்தெட்டு, நூறு.

"மிஷின்ல ஏதோ கோளாறுங்க்கா."

"மணிக்கட்டு மிஷினை நம்பச் சொன்னீங்க. இதை நம்ப மாட்டேங்கறீங்க. எது வசதியோ அதை நம்புவீங்களா?"

அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் கடையை அரை நாள் மூடிவிட்டு, அவரோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் போனேன் என்று இப்போது கேட்டால், அந்த மிஷின் பொய் என்று நிரூபிக்கத்தான் போனேன்.

அங்கே இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். கூட்டத்துக்கு நடுவே அக்கா மிஷினை நீட்டி, "உங்க மிஷினையும் இதையும் ஒத்துப் பாக்கணும் டாக்டர்" என்றதும் அவர் சலித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சலித்துக்கொள்ளவில்லை. என் கையில் அவர்களுடையதால் ஒரு முறை, இதனால் ஒரு முறை, மாற்றி மாற்றி மூன்று தடவை பார்த்தார். இரண்டு மூன்று பாயின்ட்தான் வித்தியாசம்.

"மிஷினை நம்பலாம்மா. வருஷத்துக்கு ஒருக்கா இப்படிக் கொண்டுவாங்க" என்றார் அக்காவிடம். என்னிடம் திரும்பி, "நீங்க ஒரு வாரம் காலையும் சாயந்தரமும் பாத்து எழுதிட்டு வாங்க. அப்படியே இருந்தா மாத்திரை ஆரம்பிக்கணும்" என்றார். ஒரு வாரத்திலும் அது இறங்கவில்லை. இருபது வருஷமாக ஊருக்கு மாத்திரை விற்றவன், முதல்முறையாக எனக்கென்று ஒரு அட்டையைக் கிழித்தேன்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் அவர் முதன்முதலாகக் கணவருக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேசினார். சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

"எல்லாத்தையும் இன்னொருக்கா பாக்குறவதான் நான். அவரு நம்பரை மட்டும் பாக்கலை. கெட்டதா இருந்திருந்தா கேட்டிருப்பேன் தம்பி. நல்லதா இருந்துச்சு. விட்டுட்டேன்."

பஸ் வந்தது. ஏறும்போது படியில் நின்று திரும்பி, "நல்ல நம்பர் வந்தாலும் பாக்கணும்" என்றார். அது எனக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததை எஸ்டேட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. டிஸ்பென்சரி கம்பவுண்டரிடம் போய், "கோயம்புத்தூர் டாக்டர் கேக்குறாரு, என் வீட்டுக்காரரோட பழைய பிரஷரெல்லாம் எழுதிக் குடுங்க" என்றிருக்கிறார். கம்பவுண்டர் ரெஜிஸ்டரைப் பார்த்துப் பன்னிரண்டு மாதத்தையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். பன்னிரண்டும் நூற்றிருபதுக்கு எண்பது. அதில் கடைசிப் புதன்கிழமை, அந்த மனிதர் கோயம்புத்தூரில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாள்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் உடனே சண்டைக்குப் போகவில்லை. அடுத்த இரண்டாம் புதன்கிழமைக்காகக் காத்திருந்தார்.

பெரிய பட்டை வந்து சேர்வதற்குள் அந்தப் புதன்கிழமை நெருங்கிவிட்டது. முதல்நாள் சாயங்காலம்தான் பார்சல் வந்தது. "காலையில டிஸ்பென்சரிக்கே கொண்டாந்துருங்க தம்பி" என்று போனில் சொன்னார். நான் ஸ்கூட்டரில் மேலே போனபோது மணி எட்டு. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. டிஸ்பென்சரி வாசலில் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கூடையெல்லாம் சுவரோரம் கிடந்தது. வரிசையில் முதல் ஆள் அக்கா. ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார். இரண்டு கையும் தோள்வரை குளிரில் சிலிர்த்திருந்தது.

கம்பவுண்டர் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு நிமிர்ந்தார். "உனக்கு நார்மல். அடுத்த ஆளு."

"பட்டையே கட்டலையே."

"முகத்தைப் பாத்தாலே தெரியும். நகரு."

"முகத்துல எத்தனைன்னு எழுதியிருக்குங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். கம்பவுண்டரின் முகம் சிவந்தது. "நகர்றியா, மேஸ்திரியைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க. பட்டை கட்டாம நகர மாட்டேன்."

பறிக்கிற வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி வந்து கத்தினார். கொழுந்து முற்றிப்போகிறது, பறிக்க மலைக்குப் போகாதவர்களுக்கு இன்று பேர் கிடையாது, கூலியும் கிடையாது என்றார். அப்போதுதான் அது நடந்தது. வரிசையில் இரண்டாவதாக நின்ற பெண் தன் ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றினாள். பிறகு அடுத்தவள். அதற்கடுத்தவள். அந்தப் பனியில் ஐம்பது பெண்கள் ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. பல் அடித்துக்கொள்கிற சத்தம்தான் கேட்டது.

நான் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றேன். என் எஸ்டேட் வாடிக்கை போய்விடுமோ என்று ஒரு கணம் பயந்தேன். அதை மறைப்பானேன்.

மேனேஜரின் ஜீப் வந்தது. முப்பத்தைந்து வயதுக்காரர், கெட்டவர் இல்லை. "என்னம்மா வேணும் உனக்கு?" என்று கேட்டார்.

அக்கா அந்தத் தாளையும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் சேர்த்து நீட்டினார். "தேதியை மட்டும் படிங்க தொரை."

படித்தார். மறுபடி படித்தார். கம்பவுண்டரைப் பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். மிஷின் உள்ளே இருந்தது. அதன் ரப்பர் குழாய் வெடித்துப் பாம்புச் சட்டை மாதிரி உரிந்து கிடந்தது.

மேனேஜர் அக்காவைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டார். நான் நின்ற இடத்துக்குப் பக்கம்தான் வந்தார்கள். "உன் வீட்டுக்காரருக்கு உட்கார்ந்து பாக்கிற மாதிரி ஒரு வேலை போட்டுத் தரேன். இவங்களை மலைக்கு அனுப்பு. இதை இத்தோட விட்டுடலாம்" என்றார் தணிந்த குரலில்.

அது சின்ன விஷயம் இல்லை. படுத்துக் கிடக்கிற ஆளுக்கு எஸ்டேட்டில் ஒரு பேர் இருந்தால், அக்கா ரிட்டயரான பிறகும் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு கையில் தங்கும். அக்கா அதை யோசித்தார் என்பது எனக்குத் தெரியும். இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். பிறகு ஓரத்திலிருந்து நடந்து வரிசைக்கே வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினார்.

"அவருக்கு வேலை குடுத்தா குடுங்க, குடுக்காட்டிப் போங்க. நான் அதுக்கு வரலை தொரை. நல்ல மிஷின் ஒண்ணு, பட்டை ரெண்டு சைஸ்ல. மேடேறி வாரவங்க அஞ்சு நிமிஷம் உக்கார ஒரு பெஞ்சு. வந்த நம்பரை எங்க கண்ணுல காட்டிட்டு எழுதணும். அவ்வளவுதான். அதுவரைக்கும் இங்கயே நிக்கிறோம்."

மேனேஜர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அவர்கள் நின்றார்கள். அக்கா என்னைப் பார்த்துக் கையசைத்தார். பார்சலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய மிஷினில் பெரிய பட்டையை மாட்டி, சாப்பாட்டுத் தூக்கை வைக்கிற கல்லில் ஒருத்தியை உட்காரவைத்துப் பார்க்க ஆரம்பித்தார். மெலிந்தவளுக்குப் பட்டையை மாற்றினார். நம்பரை அவளிடமே காட்டி அவளையே படிக்கவைத்தார். பதினொன்றாவது ஆள் கர்ப்பிணி, ஏழாம் மாதம். நூற்று எழுபதுக்கு மேல் காட்டியது. இரண்டாவது தடவையும் அப்படியே. அக்கா அந்த நம்பரை மேஸ்திரியிடம் காட்டினார். மேஸ்திரியே ஓடிப்போய் எஸ்டேட் வண்டியைக் கொண்டுவந்தார். அந்தப் பெண்ணும் குழந்தையும் பிழைத்தார்கள். குழந்தை மாதம் முந்திப் பிறந்தது. இப்போது நாலு வயது, கடையில் ஓரிடத்தில் நிற்கவைக்க முடியாத வால்.

அன்று மத்தியானமே மேனேஜர் சம்மதம் சொல்லி அனுப்பினார்; அடுத்த மாதத்துப் புதன்கிழமைக்குள் பெஞ்சு வந்தது. மிஷினும் இரண்டு பட்டையும் வந்தன. கம்பவுண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் அதே நாற்காலியில், பட்டை கட்டி, நம்பரைக் காட்டி எழுதினார். அக்காவின் கணவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அக்காவை எஸ்டேட்டின் கடைசி டிவிஷனுக்கு மாற்றினார்கள். சோலைக்காட்டை ஒட்டிய இடம். காட்டெருமை படுத்திருக்கிற பாதையில் ஒன்றேகால் மணி நேரம் நடக்க வேண்டும். நடந்ததற்கு வருத்தம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மாற்றலை நிறுத்திவிடுவார்கள் என்று மேஸ்திரி பஜாரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் கணவருக்கு மாத்திரை வாங்க வந்தவரிடம் நானும் சொல்லிப் பார்த்தேன். "ஒரு வரிதானுங்க்கா. எழுதிக் குடுத்துட்டா என்ன குறைஞ்சிருது? ஊட்டுல அண்ணனையும் பாக்கோணும். அத்தனை தூரம் தெனம் எப்படி நடப்பீங்க?"

"வருத்தமே இல்லையே தம்பி. இல்லாததை எப்படி எழுதுறது?"

"அந்த டிவிஷன்ல ஒண்ணுமே கிடையாதுங்க. நாப்பது பேருதான். டிஸ்பென்சரிகூடக் கிடையாது."

மாத்திரையைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும். அதுக்குத்தான் மாத்தல் காகிதத்துல உடனே கையெழுத்துப் போட்டேன்."